பூமாரி பஸ்ஸும் உன்ட சரிஞ்ச எழுத்தும்

மனே,

இதை உனக்கு மட்டும் எண்டுதான் எழுதத் தொடங்கினன். மறுகா யோசிச்சுப் பார்த்தன், உனக்கு மட்டும் சொல்லுறதெண்டா போனிலயே சொல்லியிருக்கலாமே. கொழும்புக்கு எப்ப எடுத்தாலும் "அப்பா, வேலையா நிக்கிறன், ஆறுதலா எடுக்கிறன்" எண்டுறாய். உன்ட ஆறுதல் இன்னும் வந்து சேரயில்ல. எங்கட பஸ்ஸில வாற மனிசன் ஒருத்தர் சின்னதா ஒரு பத்திரிகை நடத்துறார் தெரியுந்தானே, அவர்ட்டக் கேட்டன், நாளைக்கு வாற இதழிலயே போட்டு உன்ட போனுக்கும் அனுப்புறனெண்டார். மட்டக்களப்பில இருந்து ஓட்டமாவடி மட்டும் இந்த ரோட்டுல உள்ள சனத்துல பாதி, அந்த நோட்டீஸை அடிச்சு ஒட்டினது நீதானெண்டு நம்பிக்கொண்டிருக்கு. இவ்வளவு பேர் வெளியில கதைக்கிற கதைக்கு நான் ஒருத்தன் உன்ட காதுக்குள்ள மட்டும் பதில் சொல்லி என்னத்தைக் காணப் போறன்? எல்லாரும் வாசிக்கட்டும். குடும்பத்துக் கதையை ரோட்டுல போட்டுட்டீங்களே எண்டு நீ கோவிப்பாய். கோவி. ஆனா கடைசி மட்டும் வாசிச்சுப்போட்டுக் கோவி.

கொம்மா இதை எழுத வேணாமெண்டுதான் சொன்னா. "கலியாணம் வைச்சிருக்கிற வீட்டுல ஏன் இந்த வேலை உங்களுக்கு" எண்டு பேனையைப் பறிச்சுக்கொண்டு போனா. நான் வேற பேனை எடுத்தன். எங்கட பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், கலியாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல. அடுத்த மாசம் இந்நேரம் நீ அவங்கட வீட்டுப் புள்ள. அங்க வந்து உன்ட மாமன் மாமிக்கு முன்னால வைச்சு உன்னை ஏச எனக்கு வாய் வராது. ஏசுறதெண்டா இப்பவே ஏசி முடிக்கவேணும். ஏசுறனெண்டுதான் சொல்லுறன், ஆனா உன்னில எனக்குக் கோவம் பாதி, பயம் பாதி. பயம் ஆருக்கெண்டு கேக்காத, எனக்கே வடிவா விளங்கயில்ல.

தெரியாத ஆக்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேணும், நீ பொறுத்துக்கொள். பூமாரி எண்டது எங்கட பஸ். சொந்தக்காரனும் நான், ஓட்டுறவனும் நான், டயர் வெடிச்சா கீழ படுக்கிறவனும் நான். கொண்டக்டர் றசீக். ஓட்டமாவடி ஆள், முஸ்லிம். நீ அரைக் காற்சட்டையோட பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்தே பூமாரியின்ட வாசல்படியில நிக்கிறவர், உனக்கு றசீக் மாமா. "ஓட்டமாவடி ஓட்டமாவடி, ஏறுங்க ஏறுங்க, கதிரையெல்லாம் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கு" எண்டு அவர் கூப்பிடுற கூப்பிடுதலுக்கே சனம் ஏறும். நீ யூனிவர்சிட்டி வளாகத்துல படிக்கக்குள்ள, பஸ்ஸுக்கு முன்னால இருந்த பழைய பெயர்ப்பலகை வெயில்ல வெளிறிப்போச்செண்டு நான் ஒரு கடையில புதுசு அடிச்சுக்கொண்டு வந்தன். ஓடுற பஸ்தானே, எழுத்துச் சரிஞ்சு இருக்கட்டும் எண்டு கேட்டு வாங்கினன். நீ பார்த்துப்போட்டுச் சிரிச்சாய் பார் ஒரு சிரிப்பு! "அப்பா, இது ஓடுற பஸ் மாதிரி இல்ல, குடிவெறியில விழப்போற ஆள் மாதிரிக் கிடக்கு" எண்டாய். கம்பியூட்டர் நேரா நிண்ட எழுத்தைப் பிடிச்சுப் பக்கவாட்டுல தள்ளி விட்டிருக்காம். சரிச்சு எழுதுறது வேற, தள்ளி விழுத்துறது வேற எண்டு எனக்கு வகுப்பெடுத்தாய். எனக்கு ரோசம் வந்திட்டு. அப்ப நீயே எழுதித் தாடா பார்ப்பம் எண்டன்.

அப்படித்தான் அந்த எழுத்துப் பிறந்தது. பூமாரி, மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி, இந்த ஊர்ப் பேருக்குள்ள இருக்கிற எழுத்துகள்தான் முதல். ஒரே தடிப்பு, மெல்லிசு மொத்தம் ஒண்டும் இல்ல, முனையில வளைச்சு நெளிச்ச அலங்காரமும் இல்ல. மொட்டையா, தடிப்பா, முன்னுக்குச் சாஞ்சு நிக்கிற எழுத்து. வாழைச்சேனையில உள்ள 'ழை'தான் உன்னை ஆகலும் வருத்தினது. தடிப்பாக்கினா முன்னுக்கு நிக்கிற இரட்டைச் சுழி அடைபட்டுக் கறுப்புக் கட்டியாப் போகுது, சரிச்சா ழகரத்தின்ட வால் பக்கத்து எழுத்துல போய் முட்டுது. கடதாசியைக் கிழிச்சுக் கிழிச்சு எறிவாய். கொம்மா கூட்டிக் கூட்டி அள்ளுவா. ஒவ்வொரு தரமும் நீ அச்சடிச்சு வந்து பஸ்ஸுல ஒட்டிப்போட்டு வளாகத்து வாசல்ல போய் நிப்பாய், நான் தூரத்துல இருந்து ஓட்டிக்கொண்டு வருவன், எந்த இடத்துல வரக்குள்ள வாசிக்க ஏலுதெண்டு நீ போனில சொல்லுவாய். றசீக் போனைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல தொங்கிக்கொண்டு வருவார். ஏறியிருக்கிற சனம் எங்களுக்குப் பேய் பிடிச்சிட்டெண்டு நினைச்சிருக்கும்.

அப்ப ஒரு நாள் றசீக் சொன்னார், "தம்பி, உங்கட கண்ணுக்கு விளங்கி என்ன காரியம்? உங்களுக்குக் கழுகுக் கண். என்ட பரீதா வாசிக்கணும், அப்பத்தான் இது எழுத்து." பரீதா அவர்ட மனிசி. கண்ணாடி போட்டாலும் தூரத்துல உள்ளது கலங்கித்தான் தெரியும், கண்ணாடி இல்லாட்டி கையில இருக்கிற கடதாசியும் வாசிக்க ஏலா. பஸ்ஸுக்குக் கையைக் காட்டலாமா வேணாமா எண்டு ஹோல்ட்டுல நிண்டு தடுமாறுற ஆள். நீ விடயில்ல. ஓட்டமாவடி ஹோல்ட்டுல அவவை நிப்பாட்டிப்போட்டு, எழுத்தை மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டினாய். சுழிகளைத் திறந்து விட்டாய், சரிவைக் கொஞ்சம் குறைச்சாய். கடைசியில, தூரத்து வளைவுல பூமாரி திரும்பக்குள்ளயே பரீதா கையைத் தூக்கிப்போட்டா. "வாசிச்சீங்களா மாமி?" எண்டு ஓடிப்போய்க் கேட்டாய். "வாசிக்கயில்ல தம்பி, கண்டவுடன தெரிஞ்சிட்டு" எண்டா. எழுத்து முடிஞ்சிட்டு அப்பா எண்டு நீ துள்ளினாய். அந்தச் சந்தோசத்தை நான் மறக்கயில்ல. மறக்கேலாமத்தான் இப்ப இருந்து எழுதுறன்.

மறுகா நீ மிச்ச எழுத்தையும் செய்து, கம்பியூட்டரில அடிக்கிற ஃபொன்ட் ஆக்கி, பூமாரி எண்டே பேர் வைச்சு, எவரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம் எண்டு இன்டர்நெட்டில போட்டாய். கீழ எங்கட பஸ்ஸின்ட படம். "என் அப்பாவின் பஸ்ஸுக்காகச் செய்த எழுத்து" எண்டு ஒரு வரி. கொம்மா அதைப் பார்த்து அழுதா. நானும்தான், ஆனா மற்றப் பக்கம் திரும்பி. கொஞ்ச நாளுக்குள்ள எங்க பார்த்தாலும் உன்ட எழுத்து. டியூசன் போஸ்டரில, சலூனில, கொத்துரொட்டிக் கடையில, கோயில் திருவிழாவுக்கு, பள்ளிவாசல்ல இரத்ததானத்துக்குக் கட்டின பெனரில. பெரிசா, தூரத்துக்குத் தெரிய வேணுமெண்டா எல்லாரும் அதைத்தான் எடுத்தாங்க. கண்ட இடத்துல எல்லாம் நான் ஹோன் அடிப்பன். றசீக் என்னை விட மோசம். மிச்சக் காசைக் குடுக்கக்குள்ள, "அந்தா பாருங்க, அது எங்கட தம்பி செஞ்ச எழுத்து, இந்த பஸ்ஸுலதான் செஞ்சவர்" எண்டு சொல்லாம ஒருத்தரையும் இறங்க விடமாட்டார். இந்த ரோட்டுல மீன் விக்கிற மனிசிக்கும் அது உன்ட எழுத்தெண்டு தெரியுதெண்டா, அது நாங்க ரெண்டு பேரும் வாய் ஓயாமச் சொல்லிச் சொல்லித் தெரிய வைச்சது. நாங்களே தோண்டின கிடங்கு எண்டு இப்பதான் விளங்குது.

இனி நான் சொல்லப் போறது உனக்குத் தெரியாது. போனில சொல்ல வெக்கமா இருந்தது. அந்த நோட்டீஸ் வந்த காலம்புற, முதல் ஓட்டம். ஒரு நீளமான மதில். அதுல வரிசையா ஒட்டிக் கிடக்கு, சிவப்பு நிறத்துல, தடிப்பா, சரிஞ்சு. தூரத்துலயே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு மனே. பஸ்ஸை மெதுவாக்கி, ஹோனும் அடிச்சு, "றசீக், அந்தா பார்! தம்பிட எழுத்து! எவ்வளவு பெரிசாப் போட்டிருக்காங்க பார்!" எண்டு கையை நீட்டிக் காட்டினன். என்ட கண்ணுல எழுத்துத்தான் பட்டது, சொல்லுப் படயில்ல. றசீக் குனிஞ்சு, கண்ணாடியால எட்டிப் பார்த்து, வாசிச்சார். கிட்டப் போகக்குள்ளதான் நானும் வாசிச்சன். "அவன் கடையில் வாங்காதே! அவனை ஊருக்குள் விடாதே!" கீழ பேரில்ல, ஊரில்ல. 'அவன்' எண்டா ஆரெண்டு இந்த ரோட்டுல பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். றசீக்ட ஆக்கள். நீட்டின கையை எங்க வைக்கிறதெண்டு தெரியயில்ல. றசீக் என்னைப் பார்க்கயில்ல. "ம். பெரிசாத்தான் போட்டிருக்காங்க அண்ணன்" எண்டு சொல்லிப்போட்டுப் பின்னுக்கு டிக்கட் எழுதப் போயிட்டார்.

பின்னேரம் நான் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு போய் அதைச் சுரண்டினன். நல்ல பசை போட்டிருந்தாங்க பாவியள். சுரண்டச் சுரண்டக் கடதாசி துண்டு துண்டாத்தான் வந்தது, மதில்ல உன்ட எழுத்தின்ட வாலும் சுழியும் மிஞ்சிக் கிடந்தது. பார்த்துக்கொண்டு நிண்ட ஒருத்தன் சொல்லுறான், "மகன் ஒட்டினதைத் தகப்பன் பயந்து கிழிக்கிறார்." இன்னொருத்தன் கிட்ட வந்து முதுகில தட்டினான். "ஏன் அண்ணன் கிழிக்கிறீங்க? தம்பி நல்ல வேலைதானே செஞ்சிருக்கார், ஆராவது சொல்லத்தானே வேணும்." அவன்ட கை பட்ட இடம் எனக்கு இண்டைக்கும் கூசுது. தேத்தண்ணிக் கடையில என்னட்டக் காசு வேண்டயில்ல, எழுத்துக்காரன்ட அப்பாவாம். நான் கோப்பையை அப்படியே வைச்சுப்போட்டு வந்தன். ஏசினா ஏச்சுக்கு ஏச்சுச் சொல்லலாம். பாராட்டுறவனுக்கு என்ன சொல்லுறது? "என்ட மகன் அப்படிப்பட்டவன் இல்ல" எண்டு சொன்னா, "விளங்குது அண்ணன், வெளியில அப்படித்தான் சொல்லவேணும்" எண்டு கண்ணைச் சிமிட்டுறான்.

மறுகா ஆரோ ஒருத்தன் அந்த நோட்டீஸின்ட படத்தையும், நீ இன்டர்நெட்டில போட்டிருந்த பூமாரியின்ட படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு, ஆர்ட எழுத்தெண்டு பாருங்க எண்டு போட்டிட்டான். எல்லார்ட போனுக்கும் அது போயிட்டு. எழுத்துச் செய்தவன் வேற, அதை எடுத்து எழுதினவன் வேற எண்டு நீ சொல்லுவாய். சனத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது மனே. எங்கட ஆக்களுக்கு எழுத்தெண்டா கையெழுத்து. ஒருத்தன்ட கையெழுத்தைக் கண்டா அவன் எழுதினதெண்டுதான் நினைப்பாங்க. அதுவும் நாங்களே ஊரைக் கூட்டி இது எங்கட புள்ளைட எழுத்தெண்டு சொல்லி வைச்சிருக்கம். ஓட்டமாவடி ஹோல்ட்டுல எத்தினையோ வருசமா ஏறுற முகங்கள், பூமாரி வந்து நிண்டா முதல்ல அதின்ட நெத்தியைப் பார்க்குது, மறுகா நிலத்தைப் பார்க்குது. பின்னால வாற பஸ்ஸுல ஏறிப் போகுது. றசீக் வாசல்ல நிண்டு கூப்பிடுறார். சொந்த ஊர்ச் சனம் அவரைக் காணாத மாதிரி நிக்குது.

அவர்ட மச்சான் புடவைக் கடை வைச்சிருக்கிறதும், எங்கட ஊர்ப் பொம்பிளையள் அங்கதான் சீலை எடுக்கிறதும் உனக்குத் தெரியும். கடை ஈயாடிப் போச்சாம். அவர் வந்து றசீக்ட வீட்டு வாசல்ல நிண்டு, "நீ இன்னும் அந்த பஸ்ஸுலதான் தொங்குறியா?" எண்டு கேட்டிருக்கார். அதுக்குப் பிறகுதான் ஒரு நாள், கடைசி ஆளும் இறங்கின பிறகு, றசீக் என்ட பக்கத்துல வந்து நிண்டார். "அண்ணன், கோவிக்காம ஒண்டு கேக்கட்டா? தம்பிட்ட ஒரு சொல்லுக் கேட்டுச் சொல்லுங்க, அது அவர் இல்லத்தானே?" எனக்கு வந்ததே ஒரு கோவம்! "நீ தூக்கி வளர்த்த புள்ளைடா அவன்! உனக்கு நா கூசயில்லையா?" எண்டு கத்திப்போட்டன். அவர் அசையயில்ல. "எனக்குத் தெரியும் அண்ணன். எனக்காகக் கேக்கயில்ல. வீட்டுல கேக்கிறாங்க, பள்ளிவாசல்ல கேக்கிறாங்க. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் எண்டு எவ்வளவுதான் சொல்லுறது? தம்பி ஒருக்காப் பேசினாரெண்டா, என்னோட பேசினவர், இப்படிச் சொன்னவரெண்டு நான் சொல்லுவன். அது போதும்." அவ்வளவுதான் மனே அவர் கேட்டது. நீ ஒருக்கா அவரோட பேசவேணும்.

அண்டைக்குத்தான் நான் உனக்கு எடுத்தன். நீ சொன்னது எனக்கு ஒரு சொல்லும் விடாம ஞாபகம். "அப்பா, அந்த எழுத்தை எவ்வளவோ பேர் எடுத்திருக்காங்க. எவன் என்ன எழுதுறானெண்டு நான் காவல் இருக்கேலுமா? நான் எழுத்துத்தான் செய்தன், சொல்லுக்கு நான் பொறுப்பில்ல." சரி. நியாயந்தான். நான் மறுக்கயில்ல. வேணுமெண்டா இன்டர்நெட்டில இருந்து அழிச்சு விடட்டா எண்டாய். எடுத்தவன்ட கம்பியூட்டரில கிடக்கிறதை நீ எப்படி அழிப்பாய்? இரத்ததானத்துக்குப் பெனர் கட்டினவன் என்ன பாவம் செய்தான்? மறுகா நான் றசீக்கோட பேசு எண்டன். அங்கதான் உனக்குக் குரல் மாறிச்சு. "என்னைச் சந்தேகப்படுறவருக்கு நான் ஏன் சத்தியம் பண்ணவேணும்? கலியாணம் வருது, வேலையிடத்துல பிரச்சினை வேணாம், நான் வாயைத் திறந்தா ரெண்டு பக்கமும் சேர்ந்து என்னைத்தான் கிழிக்கும். நீங்க முதல்ல பலகையை மாத்துங்க, நான் வேற எழுத்துல செய்து அனுப்புறன்" எண்டுட்டு வைச்சிட்டாய். உனக்கு வந்தது ரோசம். அது என்ட ரோசம், என்ட பரம்பரைச் சொத்து, உனக்குக் குடுக்க எனக்கு வேற ஒண்டும் இருக்கயில்ல. அதால உன்னில முழுக்கக் கோவிக்கவும் எனக்கு ஏலாமக் கிடக்கு.

நீ பேசுவாய், இண்டைக்குப் பேசுவாய், நாளைக்குப் பேசுவாயெண்டு றசீக் பார்த்தார். போன் அடிச்சா முகம் மலரும், எடுத்துப் பார்த்துப்போட்டுச் சுருங்கும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தன். ஒரு நாள் ஓட்டமாவடியில பஸ்ஸை நிப்பாட்டினவுடன, காசுப் பையைக் கழட்டி என்ட மடியில வைச்சார். "அண்ணன், கொஞ்ச நாளைக்கு வேற ஆளைப் பாருங்க. உங்களோட எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. எங்கட ஆக்கள் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க ஏலாமக் கிடக்கு" எண்டார். கண் கலங்கித்தான் சொன்னார். நான் என்ன செய்தனெண்டு கேள். கியரைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஏறாவூர் வரக்குள்ளதான் அழுகை வந்தது. இப்ப நானே ஓட்டி, நானே டிக்கட் குடுத்து, ஏறுற கொஞ்ச நஞ்சச் சனத்தோட ஓடுறன். ஓட்டமாவடிக்குப் போகாம விடயில்ல. வெறும் பஸ்ஸோட போய் நிண்டுட்டுத் திரும்புறன்.

நீ அனுப்பின புதுப் பலகை வந்தது. நல்லாத்தான் இருக்கு, நேரா, மெல்லிசா, ஆஸ்பத்திரிப் பலகை மாதிரி. நான் இன்னும் மாத்தயில்ல. மாத்தினா நாங்கதான் செய்தம் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. மாத்தாட்டி அந்த நோட்டீஸை நெத்தியில கட்டிக்கொண்டு ஓடுற மாதிரி. எது சரியெண்டு நீயும் சொல்லயில்ல, கொம்மாவும் சொல்லுறா இல்ல, எனக்கும் தெரியயில்ல. கடவுளே எண்டு ஓடுறன்.

அதுக்கிடையில, நோட்டீஸ் வர முதலே நீ அடிக்கக் குடுத்த கலியாணக் கார்ட் பெட்டி வந்து சேர்ந்தது. கொம்மா பிரிச்சவுடன வீடே மணந்தது. கட்டியான அட்டை, உன்ட பேரும் அந்தப் புள்ளைட பேரும் உன்ட எழுத்துலயே, சிவப்புல, தடிப்பா, சரிஞ்சு. நான் எவ்வளவு பட்டும் திருந்தாத ஆள் பார், என்ன வடிவு எண்டுதான் நினைச்சன். முதல் கார்டை ஆருக்குக் குடுக்கிறது எண்டு எங்களுக்குள்ள கதையே வரயில்ல. வெத்திலைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு நானும் கொம்மாவும் றசீக்ட வீட்டுக்குப் போனம். பூமாரியைத் தூரத்துல நிப்பாட்டிப்போட்டு நடந்துதான் போனம். பரீதா குசினியில நிண்டவ, கையைத் துடைச்சுக்கொண்டு ஓடி வந்தா. "வாங்க அண்ணன், வாங்க அக்கா, உள்ளுக்கு வாங்க" எண்டு அதே சிரிப்பு. கண்ணாடி போட்டிருக்கயில்ல. கொம்மா தட்டத்துல கார்டை வைச்சு ரெண்டு கையாலயும் நீட்டினா. பரீதாவும் ரெண்டு கையையும் நீட்டினா. நீட்டின கை அப்படியே பின்னுக்குப் போச்சு. சூடு பட்ட மாதிரி இழுத்துப்போட்டா. முகம் வெளுத்திட்டு. "அக்கா, இதை ஏன் எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க?" எண்டா.

ஒரு சொல்லு வாசிக்கயில்ல மனே அவ. வாசிக்க அவவுக்கு ஏலாது. அவட கண்ணுக்குத் தெரியவேணுமெண்டுதானே நீ சுழியைத் திறந்தாய், சரிவைக் குறைச்சாய். நோட்டீஸெண்டு நினைச்சிட்டா. கொம்மா தட்டத்தைப் பிடிச்சபடி, "கலியாணக் கார்ட் பரீதா, எங்கட புள்ளைட கலியாணக் கார்ட்" எண்டு தேம்பித் தேம்பி அழுறா. பரீதா கொம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, "மாப் பண்ணுங்க அக்கா, அல்லாஹ்வே, நான் என்ன செஞ்சிட்டன், மாப் பண்ணுங்க" எண்டு அவவும் அழுறா. ஆர் ஆரிட்ட மாப்புக் கேக்கவேணும் சொல்லு! எழுத்துத்தான் செய்தன், சொல்லுக்குப் பொறுப்பில்ல எண்டு சொன்னியே, நீ அந்த வாசல்ல நிண்டிருக்கவேணும். உன்ட எழுத்து முந்திக்கொண்டு போய் அவட நெஞ்சுல அடிச்சிட்டு, சொல்லுப் பின்னாலதான் வந்தது. உன்ட பிழையெண்டு நான் சொல்லயில்ல. சத்தியமாச் சொல்லயில்ல. ஆனா உன்ட பிழை இல்லாட்டியும் அந்த மனிசிக்கு நொந்தது நொந்ததுதான். அதைப் போய்ப் பார்க்கவேண்டியது ஆர்? நோட்டீஸை ஒட்டினவன் வந்து பார்க்கப் போறதில்ல.

சத்தம் கேட்டு றசீக் வெளிய வந்தார். தட்டத்துல இருந்து கார்டை எடுத்து, உன்ட பேர்ல பெருவிரலை வைச்சுத் தடவினார். "வடிவா இருக்கு. தம்பி இந்த ரகரத்தைத் திருத்தியிருக்கார் போல" எண்டார். மறுகா கேட்டார், "தம்பி வருவாரா அண்ணன்?" அவர் கேட்டது கலியாணத்தைப் பற்றி இல்ல, அந்த வீட்டு வாசலுக்கு வாறதைப் பற்றி. நான் உன்னட்டக் கேக்கயில்ல, யோசிக்கவும் இல்ல. "வருவான்" எண்டன். "எப்ப?" "வாற வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிஞ்ச பிறகு." றசீக் தலையை ஆட்டினார், நம்பினாரா இல்லையா எண்டு சொல்லத் தெரியயில்ல. பரீதாதான் முகத்தைத் துடைச்சுக்கொண்டு, "அப்ப சோறாக்கிறன். தம்பி மாட்டிறைச்சி தின்னமாட்டார், கோழி வைக்கிறன். சோத்துக்கு ஊத்தப் புளியாணம், அது அவருக்கு விருப்பம்" எண்டா. வழியனுப்பக்குள்ளயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தா, கோழியும் புளியாணமும் எண்டு.

ஆகவே மனே, வெள்ளிக்கிழமை நீ வரவேணும். கொழும்பில இருந்து ஓட்டமாவடிக்கு நேரா பஸ் இருக்கு, உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. வந்து இன்டர்நெட் கதையெல்லாம் விளங்கப்படுத்தாத, அவங்களுக்கு அது தேவையில்ல. அந்த வாசல்ல நிண்டு, "அது நான் இல்ல மாமா. பார்த்து எனக்கும் நொந்தது மாமி" எண்டு உன்ட வாயால சொல்லு. அவ்வளவுதான். மச்சான் நம்புவாரா, பள்ளிவாசல்ல உள்ள ஆக்கள் நம்புவாங்களா, ஹோல்ட்டுல நிக்கிற சனம் திரும்ப ஏறுமா, எனக்குத் தெரியாது. றசீக் திரும்பி வருவாரெண்டும் நான் சொல்லமாட்டன். வராட்டியும் அவருக்கு நியாயம் இருக்கு. ரோசம் வந்தா அதையும் கூட்டிக்கொண்டு வா, வாசலுக்கு வெளியில செருப்போட கழட்டி வைச்சுப்போட்டு உள்ளுக்குப் போகலாம்.

நீ வராட்டியும் நான் போவன். சொன்ன நேரத்துக்குப் போய் உக்காருவன். அவங்க ரெண்டு பேருக்கு ஆக்கி ரெண்டு பேருக்கு வைப்பாங்க. உன்ட பங்கையும் நானே திண்டு முடிச்சுப்போட்டுத்தான் எழும்புவன் மனே, வயிறு வெடிச்சாலும் பரவாயில்ல. மிச்சம் வைச்சா அதைப் பரீதாதான் அள்ளி எடுத்துக்கொண்டு போகவேணும்.

அப்பா